நான்காம் வரி இடைச்செருகல்

அந்த மூக்கு நேராக இருந்த காலத்தில் நான் அதைப் பார்த்திருக்கிறேன், அம்மா. உங்கள் சட்டையில் அச்சிட்டிருக்கிறார்களே, அந்த மூக்கைத்தான் சொல்கிறேன். கையால் மறைக்க வேண்டாம். நான் குறை சொல்ல வரவில்லை. பெரம்பூரில் ஏறியது முதல் பார்த்துக்கொண்டே வருகிறேன், காட்பாடி வரை பொறுத்தேன், இனிப் பொறுப்பதற்கில்லை. அது என் மைத்துனன் சேந்தனின் முகம். என் மனைவி மங்கையர்க்கரசியோடு உடன்பிறந்த தம்பி.

நம்பிக்கை வரவில்லை. நெற்றி நிறையத் திருநீறும் கழுத்தில் ருத்திராட்சமும் அணிந்த கிழவனுக்கும், மேடையில் கிட்டாரை ஓங்கிப் பிடித்துக்கொண்டு கத்துகிறவனுக்கும் என்ன உறவு இருக்க முடியும் என்று நினைக்கிறீர்கள். அவன் இடது காதில் ஓர் ஊக்கு குத்தியிருக்குமே, அது என் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து போனது. போதுமா? நீங்களும் இன்று மாலை அவன் நிகழ்ச்சிக்குத்தான் போகிறீர்கள் போலிருக்கிறது. நானும் அங்கேதான் போகிறேன். சிரிக்க வேண்டாம். அனுமதிச் சீட்டு இருக்கிறது. உட்கார இருக்கை உண்டா என்று கேட்டேன், இல்லையாம். எல்லோரும் நின்றுகொண்டுதான் கேட்பார்களாம்.

தாய் தந்தை இருவரும் போனபின், பதினான்காம் வயதில், அவன் மாயவரத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் இருந்தேன். விடியற்காலையில் எழுப்பி, நீராடச் செய்து, எதிரே அமர்த்திப் பதிகம் சொல்லிவைத்தேன். மூன்று ஆண்டுகள். அவனுக்குக் குரல் இருந்தது, அம்மா. கோயிலின் வெளிப் பிராகாரத்தில் நின்று பாடினால் கருவறையில் விளக்கு அசையும். சுருதிதான் இல்லை. சுருதியைத் தவிர இறைவன் எல்லாவற்றையும் கொடுத்திருந்தான். சுருதிப் பெட்டியை அருகில் வைத்தால், அதையும் தன் வழிக்கு இழுத்துவிடுவான்.

அடுத்த தெருவில் டெரிக் என்று ஓர் ஓய்வுபெற்ற எஞ்சின் டிரைவர் இருந்தார். அவர் வீட்டுப் பரணில் இரண்டு தந்தி அறுந்த கிட்டார் ஒன்று கிடந்தது. மற்றவர் அதைப் பார்த்தால் இரண்டு தந்தி குறைகிறது என்பார்கள். இவன் நான்கு மிச்சம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு வந்தான். பிறகு கல்லூரியைப் பாதியில் விட்டான். மூன்று பேரோடு சேர்ந்து குழு தொடங்கினான். குழுவுக்குப் பெயர் என்ன வைத்தான்? உங்களுக்குத்தான் தெரியுமே. அடைப்பு. மாநகராட்சிப் புகார்ப் புத்தகத்தில் எங்கள் தெருச் சாக்கடைக்காக மாதந்தோறும் எழுதப்படும் சொல். நடராசப் பெருமானின் பெயர்கள் ஆயிரம் இருக்க, இவனுக்கு அதுதான் அகப்பட்டது.

முதல் நிகழ்ச்சி ஒரு கல்லூரி மண்டபத்தில். முதல்வரையே திட்டி ஒரு பாட்டு. அவர் மின்சாரத்தை நிறுத்திவிட்டார். ஒலிபெருக்கி இல்லாமலே இவன் மூன்று பாட்டுப் பாடி முடித்தான். அந்தத் தொண்டை யார் கொடுத்தது? விடியற்காலையில் எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவன் கொடுத்தது. இதை எந்தப் பத்திரிகையிலும் எழுதமாட்டார்கள். தண்ணீர் லாரியைப் பற்றிப் பாடினான், நுழைவுத் தேர்வைப் பற்றிப் பாடினான், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம், ஒவ்வொன்றிலும் யாரையாவது வைதான். முன்வரிசையிலிருந்து ஒருவன் மேடைமேல் தாவியபோது இந்த மூக்கு உடைந்தது. மறுநாள் ஒட்டுப் போட்டுக்கொண்டு வந்து, "அத்தான், இப்ப ராகம் மூக்குலேருந்து நல்லா வருது" என்றான். அவன் அப்படித்தான். அத்தானைக் கேலி செய்வது மைத்துனனின் உரிமை. நானும் கொடுத்த கேலிகள் உண்டு. கிட்டாரில் அவன் கற்றது மூன்றே சுரக்கூட்டு. ஆணவம், கன்மம், மாயை என்று மும்மலங்களின் பெயரை அவற்றுக்கு வைத்தேன். அதையும் ஒரு மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டான்.

என் குறை அங்கே தொடங்கவில்லை. சொல்கிறேன்.

எங்கள் அடியார் குழுவில் முற்றோதல் என்று ஒன்று உண்டு. பதிகங்களை முதலிலிருந்து கடைசிவரை ஒரே அமர்வில் ஓதுவது. விடியலில் தொடங்கினால் மாலை ஆகும். இடையில் எழக்கூடாது, வேறு சொல் பேசக்கூடாது. அது எங்கள் குழுவின் கண்டிப்பான வழக்கம். சேந்தனுக்கும் தெரியும், சிறுவயதில் என் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு முறை ஓதியிருக்கிறான்.

பதினோரு ஆண்டுகளுக்குமுன் ஒரு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் நான் தனியாக முற்றோதலுக்கு அமர்ந்தேன். என் மனைவி முந்தின நாள் மாயவரத்துக்குப் போயிருந்தாள், ஒரு வளைகாப்பு, திடீரென்று அழைப்பு வந்தது. சேந்தன் குழுவோடு பெங்களூருக்கே குடிபோவதாக இருந்தான். புறப்படுமுன் ஞாயிற்றுக்கிழமை வந்து அக்காளிடம் சொல்லிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அதற்காக அவள் ஒரு டப்பா நிறைய அதிரசம் சுட்டு மேசைமேல் வைத்து, வந்தால் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் ஊரில் இல்லை என்பது அவனுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலை அவள் திரும்பினாள். வந்தானா என்று கேட்டாள்.

வரவில்லை என்று நான் சொல்லவில்லை, அம்மா. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். மேசைமேல் டப்பா அப்படியே இருக்கிறது பார் என்று சொன்னேன். டப்பா அப்படியேதான் இருந்தது. அதில் பொய் எங்கே இருக்கிறது?

அவள் டப்பாவைத் திறந்து பார்த்தாள். அந்த அதிரசத்தை எதிர்வீட்டாருக்குக் கொடுத்துவிட்டாள். சொல்லாமல் போனவனைத் தானாக அழைப்பதில்லை என்று அவள் இருந்தாள். கதவைத் திறக்காத வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று அவன் இருந்தான். பதினோரு ஆண்டுகள். அவன் ஷில்லாங்கில் பாடினான், ஜெர்மனிக்குப் போய்ப் பாடினான், அவன் படம் சட்டையில் ஏறியது. இங்கே பெரம்பூரில் அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை. அவள் மட்டும் பூசை அறையில் அவன் பிறந்த நட்சத்திரத்துக்கு மாதந்தோறும் ஒரு விளக்கு அதிகமாக ஏற்றுவாள். நான் கேட்டால், எண்ணெய் மிச்சம் இருந்தது என்பாள்.

சென்ற ஆண்டு அந்தப் பாட்டு வந்தது. 'தட்டுனேன்' என்கிற பாட்டு. உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும், எனக்கும்தான். எதிர்வீட்டுப் பெண் தன் கைப்பேசியில் போட்டுக் காட்டினாளாம். என் மனைவி அதை வாங்கிக்கொண்டு வந்து என் எதிரே வைத்தாள்.

தட்டுனேன் தட்டுனேன் தெறக்கல நீ
உள்ள நீ பாடுன, வெளிய நான் நின்னேன்
தரை சுட்டுச்சு, தொண்டை காஞ்சுச்சு
ஒரு வரி நிறுத்துன, மறுபடி தொடங்குன.

அதற்குமேல் பச்சைக் கதவு, பித்தளைப் பூட்டு, பதினாலாம் நம்பர் என்று போகிறதல்லவா? அவள் என்னைப் பார்த்தாள். யாரைப் பாடுறான், எந்தக் கதவு என்று கேட்டாள். எங்கள் கதவு பச்சை. பெரம்பூரில் பச்சைக் கதவுகள் ஏராளம்; அதையும் எடுத்துச் சொன்னேன். எங்கள் வீட்டு எண் பதினான்கு என்பது ஒரு தற்செயல்.

இறைவனைப் பாடுகிறான் என்றேன். வாயில் அதுதான் வந்தது. வந்தபின் பார்த்தால், என்ன பொருத்தம் என்கிறீர்கள். அடியான் கதவைத் தட்டுகிறான், ஆண்டவன் உள்ளே தன் ஆனந்தத்தில் இருக்கிறான், திறக்கவில்லை. வைகிற வாக்கிலே வாழ்த்துவது, நிந்தாஸ்துதி. நம் அடியார்கள் இறைவனைப் பித்தன் என்றும் பேயன் என்றும் வையவில்லையா? தரை சுட்டது என்பது பிறவியின் வெப்பம். தொண்டை காய்ந்தது என்பது அருள் தாகம். பச்சை, அம்மையின் நிறம். அவளே கதவு, அவள் வழியாகத்தானே உள்ளே போக வேண்டும். பூட்டு ஆணவ மலம். பதினான்கு, ஈரேழு உலகம். என் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்பவர் கேட்கக் கேட்கச் சொல்பவனுக்கு வளர்கிறது. இரவே எழுத உட்கார்ந்தேன். பதவுரை, பொழிப்புரை, விசேட உரை என்று முறைப்படி இருபத்தாறு பக்கம். அந்த வாரமே கதவுக்குப் புது வண்ணம் பூசும்படி நேர்ந்தது. மரநிறம். பழைய பூச்சு உரிந்திருந்தது.

உரையை எங்கள் குழுவின் மார்கழி மலரில் அச்சிட்டார்கள். அதன்பின் நடந்தவற்றுக்கு நான் பொறுப்பில்லை. மாதர் குழுவினர் அந்தப் பாட்டை முகாரியில் அமைத்து, தாளம் போட்டுத் தெருத்தெருவாகப் பாடினார்கள். சேந்தன் சென்னையில் ஒரு நிகழ்ச்சி நடத்தியபோது நம் அடியார்கள் முப்பது பேர் சென்றார்கள். நிற்க முடியாதவர்கள், ஆகவே மடக்கு நாற்காலிகளைக் கையோடு கொண்டுபோய் மேடைக்கு முன்னால் போட்டு, கைகூப்பியபடி அமர்ந்தார்கள். குதிக்கிற இளைஞர்கள் நாற்காலிகளைச் சுற்றி, பெரியவர்கள்மேல் இடிக்காமல் குதித்தார்களாம். சேந்தன் மேடையிலிருந்து துப்புவது வழக்கமாமே. அன்று விழுங்கிவிட்டானாம். அதனால் அந்த நிகழ்ச்சிக்கே ஒரு சிறப்பு வந்தது என்பது என் எண்ணம். அவனுக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு தொலைக்காட்சியிலிருந்து சிவராத்திரிக்குப் பாட அழைத்தார்கள். ஏதோ ஓர் இணையப் பத்திரிகை பக்திப் பாடகர் சேந்தன் என்று எழுதிவிட்டது. இருபது ஆண்டுகள் கோபத்தைக் காப்பாற்றி வைத்திருந்தவனுக்கு அந்த ஒரு சொல் பெரிய அடி என்று பிற்பாடு அறிந்தேன். அவனுடைய டிரம்ஸ் வாசிப்பவன், இனிமேல் நாங்களும் விபூதி பூசணுமா என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் ஒத்திகைக்கு வரவில்லையாம்.

உரையைப் படித்தீர்களா? உங்கள் நண்பர்கள் எல்லோரும் படித்திருக்கிறார்களா? கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. படிக்கும்போது சிரிப்பார்கள் என்கிறீர்கள். ஆனந்தத்திலும் சிரிப்பு வரும், அம்மா.

நீங்கள் கேட்பது சரி. நான்காம் வரிக்கு அதில் உரை இல்லை. அது இடைச்செருகல் என்று அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறேன். ஆண்டவன் பாட்டை ஒரு வரி நிறுத்தினான் என்பது பொருந்தாது. அவன் நிறுத்தினால் உலகம் நின்றுவிடும். ஆகவே பிற்காலத்தில் வேறு யாரோ சேர்த்தது. பிற்காலம் என்றால், பாட்டு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் நெறி நெறிதானே.

மார்கழிக் கடைசியில் அந்த உரையைப் பத்து நாள் தொடர் சொற்பொழிவாகச் செய்தேன். பத்தாம் நாள், கோயில் மண்டபத்தில் முந்நூறு பேர். என் மனைவி பெண்கள் பகுதியில் முன்னால் இருந்தாள். பாதியில் அவன் வந்தான். கறுப்புச் சட்டை, காதில் ஊக்கு எல்லாம் உண்டு. ஆனால் நெற்றியில் மூன்று கோடாகத் திருநீறு, நான் கற்றுக்கொடுத்தபடி, ஒரு கோடும் கோணாமல். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அச்சம் வந்தது. கடைசி வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முழுவதும் கேட்டான். முகாரியில் பாடியபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டான்.

சொற்பொழிவு முடிந்தபின் ஐயம் கேட்கலாம் என்பது முறை. அவன் எழுந்தான்.

"அத்தான், நாலாவது வரிக்குப் பொருள் சொல்லாம விட்டுட்டீங்க."

அது இடைச்செருகல் என்றேன்.

"பாட்டு எழுதுனது நானு."

பாடியவனே அறியாமல் பாட்டினுள் பிற சொல் நுழைவது உண்டு, அதைக் கண்டு களைவது உரைகாரனின் கடமை என்று விளக்கினேன். மண்டபம் முழுவதும் தலையை ஆட்டியது. எங்கள் குழுச் செயலாளர் அவனைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, பெரியவர் இவ்வளவு தூரம் சொல்றார்ல, உக்காருங்க" என்றார். கல்லூரி முதல்வருக்கு அடங்காதவன், அம்மா, காவல் துறைக்கு அடங்காதவன். தன் சொந்தப் பாட்டைப் பற்றி வாயைத் திறக்க விடாமல் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தான். அவன் தோளெல்லாம் குலுங்கியது. சிரிக்கிறான் என்று பிறகுதான் கண்டேன். என் வாதம் வென்றுவிட்டது. அதில் ஐயமே இல்லை.

அப்போது முன்னாலிருந்து என் மனைவி எழுந்தாள். நாற்பது ஆண்டுகளில் என் சபையில் அவள் ஒரு கேள்வி கேட்டதில்லை.

"நான் கேக்கறேன்," என்றாள். "அன்னைக்கு அவன் வந்தானா?"

இருபத்தாறு பக்கமும் என் கையில் இருந்தன. எதைப் புரட்டினாலும் ஒரு விடை கிடைத்திருக்கும். இறைவன் வந்தானா, அடியான் வந்தானா, வருதல் என்பதன் உட்பொருள் யாது என்று அரை மணி நேரம் என்னால் பேசியிருக்க முடியும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது முடியவில்லை.

"வந்தான்" என்றேன். நான்காம் வரிக்கு நான் சொன்ன உரை அவ்வளவுதான்.

அவள் பின்வரிசைக்குத் திரும்பி, "நான் அன்னைக்கு மாயவரத்துல இருந்தேன்டா" என்றாள். அவன் எழுந்து, "அப்படியா, அக்கா" என்றான். மண்டபத்தில் முந்நூறு பேரும் இது உரையின் எந்தப் பகுதி என்று தெரியாமல் விழித்தார்கள். இருவருமாக வெளியே போனார்கள். அன்று மாலையே அவள் அவனோடு பெங்களூருக்குப் போய்விட்டாள். இன்றோடு நாற்பத்திரண்டு நாள்.

சேந்தன் என்னோடு தினமும் தொலைபேசியில் பேசுகிறான். பதினோரு ஆண்டுக் கேலியைச் சேர்த்துவைத்திருந்து கொடுக்கிறான். அத்தான், இன்னைக்கு அக்கா மிளகு ரசம் வெச்சா, உங்க உரையைத் தொட்டுக்கிட்டுச் சாப்பிட்டோம் என்கிறான். மேடையில் பாட்டுக்குமுன் என் விசேட உரையிலிருந்து ஒரு பத்தி வாசிக்கிறானாமே? அப்படியானால் அவனுக்கு அதில் மதிப்பு இருக்கிறது. அவள்தான் பேசுவதில்லை. தொலைபேசியை அவளிடம் கொடு என்றால், பக்கத்தில் பாத்திரம் வைக்கிற ஓசை மட்டும் கேட்கும். ஓய்வுபெற்ற மனிதன், தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு அந்த ஓசைக்காகக் காத்திருக்கிறேன் என்றால் நம்புவீர்களா?

சென்ற வாரம் அவன் மூலமாக ஒரு செய்தி அனுப்பினாள். நான் வந்து அந்தப் பாட்டு முழுவதையும் கூட்டத்தில் நின்று கேட்க வேண்டுமாம். காதில் பஞ்சு கூடாது. கேட்டபின் பொருள் சொல்லக் கூடாது. அதன்பின் பேசுவதா இல்லையா என்று அவள் முடிவு செய்வாளாம். பொருள் சொல்லக் கூடாது என்பதுதான் கடினம். மற்ற இரண்டும் முடியும்.

உங்களிடம் ஒன்று சொல்கிறேன். நம் ஊர் அல்லாதவர் என்பதால் சொல்கிறேன். முற்றோதலில் இன்னொரு வழக்கமும் உண்டு. இடையில் ஒரு வரி நின்றுபோனாலும் ஓதியது முறிந்ததாகவே கொள்ள வேண்டும்; மறுபடியும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். அன்று நடுப்பகல். மூன்று முறை தட்டினான். அக்கா என்று கூப்பிட்டான். அந்தக் குரலைக் கேட்கவில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது, சொன்னேனே, கருவறை விளக்கு அசையும். நான் நிறுத்தினேன். ஒரு வரி. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன், முதலிலிருந்து அல்ல. நிறுத்தியபோதே அது முறிந்துவிட்டது, அம்மா. அதற்குமேல் காப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. எழுந்து போய்த் திறந்திருக்கலாம். வெளியே நின்றவனுக்கு இந்த வழக்கம் தெரியும். என் பக்கத்தில் உட்கார்ந்து கற்றவன் அல்லவா? ஆகவே அந்த வரியில் அவன் என்ன சொல்லியிருக்கிறான் என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் முழுவதும் விளங்கும். அவளுக்கும் இப்போது சொல்லியிருப்பான். ஆக மூவர். உங்களோடு நால்வர்.

பங்காருப்பேட்டை தாண்டிவிட்டோமா? சரி. எனக்கு அங்கே நடைமுறை தெரியாது. எங்கே நிற்பது? ஓரமாக, தூண் பக்கமாக. நல்லது. தள்ளினால் கோபிக்கக் கூடாது, திருப்பியும் தள்ளக் கூடாது. மேலே ஒருவரைத் தூக்கிக் கைமாற்றிக் கொண்டுபோனால் நானும் கை கொடுக்க வேண்டும். கொடுக்கிறேன். சுவாமி தூக்கிப் பழக்கம் உண்டு.

அந்த நான்காம் வரி வரும்போது கூட்டம் என்ன செய்யும்? எல்லோரும் சேர்ந்து கத்துவார்களா? அதற்குத்தான் என் மனத்தைத் தயார் செய்துகொண்டு வருகிறேன்.

கத்தமாட்டார்களா?

ஒருவருமா? டிரம்ஸும் இல்லையா? அந்த வரியை அவன் பாடியபின் எல்லாம் நின்றுவிடும் என்கிறீர்கள். ஆயிரம் பேரும் அசையாமல் நிற்பார்கள், பிறகுதான் மறுபடி தொடங்குவான். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கைப்பேசியில் கேட்டபோது, அங்கே கருவி ஏதோ பழுது என்று நினைத்தேன்.

எவ்வளவு நேரம் நிற்கும்? விரலால் எண்ணிக் காட்டுங்கள். மெதுவாக. அவன் நிறுத்துகிற அளவுக்குச் சரியாக எண்ணுங்கள்.

ஆம். அன்றும் அவ்வளவு நேரந்தான்.

எங்கள் வீட்டுக் கூடம் சிறியது, அம்மா. ஆறு அடி வைத்தால் கதவு.